மாணவர் திறனுக்குப் பொருந்தும் வினாத்தாள்: பெரிய அளவிலான அடைவுத் தேர்வு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நாற்பது வினா, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, சரியானதை வட்டமிட வேண்டும். வினாவைப் படிக்கவே தெரியாத குழந்தை குருட்டாம்போக்கில் வட்டமிட்டாலும் சராசரியாக 10 மதிப்பெண் வந்துவிடும். அப்படி ஆயிரம் குழந்தைகள் வட்டமிட்டால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் 7க்கும் 13க்கும் இடையில் வந்து நிற்பார்கள். இது வெறும் நிகழ்தகவுக் கணக்கு. ஆனால் அறிக்கை தயாரிக்கும்போது 8 வாங்கிய குழந்தைக்கும் 12 வாங்கிய குழந்தைக்கும் நடுவே ஏதோ வித்தியாசம் இருப்பதாக நாம் எழுதுகிறோம், ஒரு பள்ளியின் சராசரி 9, பக்கத்துப் பள்ளியின் சராசரி 11 என்று தரவரிசை போடுகிறோம். அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்கு எழுத்து மட்டும் தெரியும், இன்னொன்றுக்குச் சொல் வாசிக்க வரும் ஆனால் பத்தி வராது என்றால், அந்த வேறுபாடு அந்த வினாத்தாளில் எங்குமே பதிவாகாது. ஏனென்றால் அதைப் பிடிக்கும் வினா ஒன்றுகூட அதில் இல்லை.

இந்தக் கட்டுரை வட்டார வள மையத்திலோ, மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்திலோ, ஒரு தொண்டு நிறுவனத்திலோ, ஆய்வுப் படிப்பிலோ இருந்துகொண்டு, ஆயிரக்கணக்கான மாணவர்கள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் அடைவுத் தேர்வைத் தயாரிக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு. சதவீதக் கணக்கும் எக்செல்லும் தெரிந்தால் பாதிக்கு மேல் போய்விடலாம். மீதிக்கு 'ஆர்' என்ற இலவச மென்பொருள் போதும்.

தேர்வு எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மாநிலத்தின் சராசரி வேண்டுமா, ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியவர் எத்தனை பேர் என்று வேண்டுமா, பின்தங்கிய குழந்தைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று வேண்டுமா? இந்த மூன்றுக்கும் வேறு வேறு வினாத்தாள். எல்லையைத் தாண்டினார்களா என்பதுதான் கேள்வி என்றால் வினாக்களில் பெரும்பகுதி அந்த எல்லையை ஒட்டியே இருக்க வேண்டும், மிக எளிதும் மிகக் கடினமும் அங்கே இடத்தை அடைப்பவைதான். பின்தங்கியவர்களைப் பற்றித்தான் தெரிய வேண்டும் என்றால் வினாத்தாளின் எடை கீழே இறங்க வேண்டும். இதைத் திட்டக்கூட்டத்திலேயே ஒரு வரியில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு வினா எழுதும் நாளில் "ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இரண்டாம் வகுப்புக் கணக்கா?" என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அப்போது அந்த வரி உதவும்.

வகுப்பு எண்ணை நம்பாதீர்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்து வினா எடுக்கத் தொடங்குவார்கள். பாடநூல் சொல்வது குழந்தைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை. என்ன தெரியும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. கிராமப்புற இந்தியாவில் வீடு வீடாகப் போய் எடுக்கப்படும் ஏசர் ஆய்வு 2018இல் சொன்னது: ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்பு நிலைக் கதையை வாசிக்க முடிந்தது. அப்படியானால் ஐந்தாம் வகுப்புப் பாடநூலை மட்டும் வைத்து எழுதிய வினாத்தாள் மீதிப் பாதிப் பேரைப் பற்றி எதைச் சொல்லிவிடும்?

ஏசரின் கருவியையே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், இந்தத் துறையில் நுழைபவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஒரு தாள்தான். அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. குழந்தையிடம் முதலில் பத்தியைக் காட்டுவார்கள். வாசித்துவிட்டால் மேலே ஏறி கதைக்குப் போவார்கள், திணறினால் கீழே இறங்கி சொற்களுக்கு, அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகளுக்கு. கணக்கிலும் இதே முறை: முதலில் கடன் வாங்கிக் கழித்தல், முடிந்தால் வகுத்தல், முடியாவிட்டால் எண் அறிதல். இரண்டு மூன்று நிமிடத்தில் குழந்தை நிற்கும் படி தெரிந்துவிடுகிறது, தெரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதைக் கூனிக்குறுக வைக்கவும் இல்லை. கணினியில் பெரிய பெயர் சூட்டிச் செய்யப்படும், விடைக்கு ஏற்ப அடுத்த வினா மாறும் தகவமைப்புத் தேர்வுகளின் உயிர்நாடி இதுதான்.

ஆகவே வினா எழுதும் முன்பே நாலைந்து பள்ளிகளுக்குப் போய் இப்படி ஒருவருக்கு ஒருவராக வாசிக்கக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். அந்த ஆசிரியர்களுக்குத் தம் வகுப்பில் எத்தனை பேர் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பது விரல்நுனியில் இருக்கும். அவர்களிடம் கேளுங்கள், ஆனால் கேட்டதோடு நிற்காமல் நீங்களும் பத்துக் குழந்தைகளை வாசிக்க வையுங்கள்.

ஒரே திறனுக்கு ஏணி போல வினா எழுதுங்கள்

'கழித்தல்' என்று தலைப்புப் போட்டு ஐந்து வினா எழுதினால் ஐந்தும் ஒரே உயரத்தில் வந்து விழும், இது எல்லாக் குழுவிலும் நடப்பது. அதற்குப் பதிலாக எது கடினத்தைக் கூட்டுகிறது என்று முதலில் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கழித்தலில் பாருங்கள். 58 − 23: கடன் வாங்கத் தேவையில்லை. 52 − 27: ஒருமுறை கடன் வாங்க வேண்டும். 402 − 178: நடுவில் பூச்சியம், இரண்டு தாவல் கடன். அப்புறம் இதே 402 − 178ஐ ஒரு வாக்கியக் கணக்காகக் கொடுத்தால், கழிக்க வேண்டும் என்பதையே குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். நான்கு வினா, நான்கு உயரம், ஒரே திறன்.

தவறான விடைகளை எழுதுவதிலும் அதே கவனம் வேண்டும். 52 − 27க்குச் சரியான விடை 25. தவறான விடைகளில் 35 கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் குழந்தை 7 − 2 = 5, 5 − 2 = 3 என்று போட்டு அங்கேதான் போய் நிற்கும். 402 − 178இல் அதே குழந்தை 376க்குப் போகும். இந்த இரண்டு விடையையும் ஒரே குழந்தை தேர்ந்தெடுத்திருந்தால் அதற்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. 19, 91, 100 என்று ஒப்புக்குச் சில எண்களை வைத்தால் வினா பொய்யாக எளிதாகும், தகவலும் வராது.

மொழிச் சுமையைத் தனியே பிரியுங்கள்

கணக்குத் தேர்வில் பல நேரம் கடினம் கணக்கில் இருப்பதில்லை. இதைப் பாருங்கள்: "ஒரு கூடையிலுள்ள மாம்பழங்களின் எண்ணிக்கையில் பாதியளவு விற்கப்பட்டபின் எஞ்சியவற்றின் எண்ணிக்கை 12 எனில், தொடக்கத்தில் கூடையிலிருந்த மாம்பழங்களின் எண்ணிக்கை யாது?" இப்போது இதைப் பாருங்கள்: "கூடையில் சில மாம்பழங்கள் இருந்தன. கடைக்காரர் பாதியை விற்றார். மீதி 12. முதலில் எத்தனை இருந்தன?" கணக்கு ஒன்றேதான். முதலாவதில் நீளமான சொற்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தொடரையும் தாண்டி வந்த குழந்தைதான் கணக்கையே பார்க்கும். வாசிப்புத் திறனை அளக்க வேண்டும் என்றால் வாசிப்புத் தேர்வில் அளந்துகொள்ளுங்கள்.

பல மொழிகளில் நடக்கும் தேர்வுகளில் இது இன்னும் பெரிய விஷயம். 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வு 22 மொழிகளில் நடந்தது. ஒரு மொழியில் எழுதி இன்னொன்றுக்கு மாற்றும்போது ஒரே வினாவின் கடினம் மொழிக்கு மொழி ஏறி இறங்கும். எனவே பெயர்த்து முடித்த வினாவை, மூலத்தைப் பார்க்காத ஓர் ஆசிரியரிடம் கொடுத்து வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே திருத்துங்கள்.

முன்னோட்டத் தேர்வு

கடைசி வினாத்தாளுக்கு 40 வினா வேண்டும் என்றால் முன்னோட்டத்துக்கு 80 வினாவாவது எடுத்துப் போங்கள், பாதி உதிரும். ஒவ்வொரு வினாவுக்கும் குறைந்தது 200, முடிந்தால் 300 மாணவர்கள் விடை எழுதியிருக்க வேண்டும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் பேருந்து வசதியுள்ள நான்கு பள்ளிகளில் முடித்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மலைப்பகுதிப் பள்ளி, ஓராசிரியர் பள்ளி, நகர்ப்புறப் பெரிய பள்ளி எல்லாம் வேண்டும். திறனில் இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் முன்னோட்டத்தில் இல்லையென்றால் அந்த ஓரங்களுக்கான வினாக்களைப் பற்றி எதுவும் தெரியாமலே தேர்வு நாள் வந்துவிடும்.

வினாக்களின் வரிசையை இரண்டு மூன்று விதமாக மாற்றி அச்சடியுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பத்து வினாவும் கடினமாகத் தெரியும், உண்மையில் குழந்தைகளுக்கு நேரம் போதாமலோ களைத்தோ போயிருக்கும். வெற்றாக விட்ட வினாவையும் தவறாக எழுதிய வினாவையும் தரவில் வேறு வேறு குறியீட்டில் பதியுங்கள். இரண்டுக்கும் 0 என்று போட்டுவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

முன்னோட்டத் தரவை எப்படிப் பார்ப்பது

எக்செல்லிலேயே மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக எழுதியவர் சதவீதம். நான்கு விடை வினாவில் 25 சதவீதம் என்பது குருட்டு ஊகம். எனவே 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் எதையும் அளக்கவில்லை. 90க்கு மேலே இருப்பவையும் அதிகத் தகவல் தராது, ஆனால் பின்தங்கிய குழந்தைகளுக்காக அவற்றில் சிலவற்றை வேண்டுமென்றே வைத்திருக்கலாம். நடுத்தர வினா என்பது நான்கு விடை வினாவில் 50 சதவீதம் அல்ல, 25க்கும் 100க்கும் நடுவே, அதாவது 60ஐ ஒட்டி.

இரண்டு, அந்த வினா தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிக்கிறதா. மொத்த மதிப்பெண்ணில் மேல் 27 சதவீதத்தினரையும் கீழ் 27 சதவீதத்தினரையும் எடுத்து, வினாவைச் சரியாக எழுதியவர் விகிதத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். 0.2க்குக் கீழே வந்தால் வினாவைத் திரும்பப் படியுங்கள். கழித்தது எதிர்மறையாக வந்தால் பெரும்பாலும் விடைக்குறிப்பே தவறு, முதலில் அதைச் சரிபாருங்கள்.

மூன்று, மொத்த மதிப்பெண்களின் வரைபடம். தாள் மாணவர்களுக்குப் பொருந்துகிறதா என்ற நம் கேள்விக்கு இதுதான் நேரான பதில். 40க்கு 10ஐச் சுற்றி ஒரு குவியல் கட்டிக்கொண்டிருந்தால் தாள் அந்தக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. வலது ஓரத்தில் 38, 39, 40 என்று முட்டிக்கொண்டு நின்றால் மேலே வினா போதவில்லை. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் ஊக மதிப்பெண் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் நான் அந்தத் தாளை அப்படியே போக விடமாட்டேன், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. சராசரி நடுவில் இருப்பதும் தாள் பொருந்துவதும் ஒன்றல்ல.

மாணவரையும் வினாவையும் ஒரே கோட்டில் வைப்பது

இங்கேதான் பலர் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட முறையில், மாணவரின் திறனும் வினாவின் கடினமும் ஒரே அலகில் வரும், அந்த அலகுக்குப் பெயர் லாஜிட். இரண்டும் சமமாக இருந்தால் சரியாக எழுதும் வாய்ப்பு 50 சதவீதம். மாணவர் ஒரு லாஜிட் மேலே இருந்தால் 73, இரண்டு மேலே என்றால் 88, மூன்று மேலே என்றால் 95. கீழே போனால் இதன் மறுபக்கம்: 27, 12, 5. ஊகத்தை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, அதனால் விடை எழுதும் வகை வினாக்களுக்கு நன்றாகவும் நான்கு விடை வினாக்களுக்குச் சற்றுக் கவனத்தோடும் பயன்படுத்துங்கள்.

ஒரு வினா எவ்வளவு தகவல் தருகிறது என்பதற்கு எளிய சூத்திரம்: சரியாக எழுதும் வாய்ப்பை, தவறாக எழுதும் வாய்ப்பால் பெருக்குங்கள். சமமாக இருந்தால் 0.5 × 0.5 = 0.25. இரண்டு லாஜிட் தள்ளியிருந்தால் 0.88 × 0.12, ஏறத்தாழ 0.105. மூன்று தள்ளியிருந்தால் 0.045தான். எல்லா வினாவின் தகவலையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1ஐ அதனால் வகுத்தால் அந்த மாணவரின் அளவீட்டுப் பிழை வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். மாணவரின் உயரத்திலேயே இருக்கும் 40 வினா கொடுத்தால் தகவல் 10, பிழை 0.32 லாஜிட். அதே 40 வினா அவரை விட இரண்டு லாஜிட் கடினமானவை என்றால் பிழை 0.49. மூன்று லாஜிட் என்றால் 0.74. வேறு விதமாகச் சொன்னால், பொருந்தும் 40 வினா தரும் துல்லியத்தை மூன்று லாஜிட் தள்ளியிருக்கும் வினாக்களால் எட்ட வேண்டும் என்றால் ஏறத்தாழ 220 வினா வேண்டும். லாரியை நிறுத்தும் எடைமேடையில் மூக்குத்தியை வைத்து எடை பார்ப்பது போலத்தான், மேடையில் கோளாறு எதுவும் இருக்காது, ஆனால் நமக்கு வேண்டிய எண் அதில் வராது.

'ஆர்' மென்பொருளில் 'டாம்' என்ற தொகுப்பு இந்த மதிப்பீடுகளைச் செய்து தரும். வந்ததும் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் மாணவர்களையும் வலப்பக்கம் வினாக்களையும் அவரவர் உயரத்தில் குறியுங்கள். ரைட் வரைபடம் என்று பெயர். இடப்பக்கம் ஆள் இருந்து வலப்பக்கம் வினா இல்லாத இடைவெளி எங்கே என்று தேடுங்கள், அடுத்து எழுத வேண்டிய வினாக்களின் பட்டியல் அதுதான். அந்தப் படத்தை வினா எழுதும் ஆசிரியர்களிடம் கட்டாயம் காட்டுங்கள், பத்துப் பக்க விளக்கத்தைவிட அது வேகமாகப் புரியும்.

ஒரே தாள் போதாது என்று தெரிந்தபின்

மாணவர்கள் ஆறேழு லாஜிட் அகலத்தில் பரவி நின்றால் எந்த ஒற்றைத் தாளும் எல்லோருக்கும் பொருந்தாது. அப்போது இரண்டோ மூன்றோ தாள் வேண்டும், அவை ஒன்றோடொன்று கோத்திருக்கவும் வேண்டும். எளிய தாள் அ, நடுத்தரம் ஆ, கடினம் இ என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 30 வினா. அவுக்கும் ஆவுக்கும் பொதுவாக 10, ஆவுக்கும் இவுக்கும் பொதுவாக வேறு 10. பொது வினாக்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக, விடைகளின் வரிசை மாறாமல், தாளில் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்க வேண்டும்.

கோப்பது இப்படி. அ தாளைத் தனியே மதிப்பிடும்போது பொது வினாக்கள் பத்தின் சராசரிக் கடினம் 0.8 என்று வந்தது, ஆ தாளைத் தனியே மதிப்பிடும்போது அதே பத்தின் சராசரி −0.4 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் மாணவர் சராசரியைப் பூச்சியமாக வைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறோம். வினா அதே வினா, ஆள்தான் வேறு. எனவே ஆ தாள் எழுதிய குழு 1.2 லாஜிட் மேலே நிற்கிறது. ஆ தாளின் எல்லா எண்களோடும் 1.2ஐக் கூட்டினால் அது அ தாளின் அளவுகோலுக்கு வந்துவிடும். பத்தில் ஏதாவது ஒரு வினா மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் அரை லாஜிட்டுக்கு மேல் விலகி நின்றால் அதைக் கோப்பதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

யாருக்கு எந்தத் தாள்?

இதில்தான் பெரிய ஆய்வுகள் என்ன செய்தன என்று பார்ப்பது பயன்படும். பல நாடுகளில் நான்காம் வகுப்பு வாசிப்பை அளக்கும் பிர்ல்ஸ் ஆய்வில் மதிப்பெண் அளவுகோலின் நடுப்புள்ளி 500. 2006இல் தென்னாப்பிரிக்கா ஐந்தாம் வகுப்பு மாணவர்களை எழுத வைத்தும் சராசரி 302தான். அந்தத் தாள் அவர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. 2011இல் அதைவிட எளிய பிரீ-பிர்ல்ஸ் தாள் வந்தது, தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் கொலம்பியாவும் அதை எழுதின. 2021இல் இன்னும் நல்ல வழி: எளிய தாள்கள், கடினத் தாள்கள் இரண்டையும் எல்லா நாடும் எழுதும், விகிதம் மட்டும் மாறும். மேலே இருக்கும் நாட்டில் 70 சதவீத மாணவர்களுக்குக் கடினத் தாள், 30 சதவீதத்தினருக்கு எளிய தாள், கீழே இருக்கும் நாட்டில் அதைத் திருப்பிப் போட்டார்கள். எல்லாத் தாளும் எல்லா இடத்திலும் இருப்பதால் ஒப்பிடும் வழி அறுந்துபோகவில்லை. 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பிசா ஆய்வு 2018இல் வாசிப்புக்குக் கணினியிலேயே மூன்று கட்டம் வைத்தது. முதல் கட்டத்து விடைகளைப் பார்த்து அடுத்த கட்டத்து வினாத்தொகுதி மாறும், ஆனாலும் ஒரு சிறு பங்கு மாணவர்களை வேண்டுமென்றே எதிர்ப்பாதையில் அனுப்பினார்கள், எல்லா வினாவுக்கும் எல்லா வகை மாணவர்களின் விடையும் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

காகிதத்தில் மாவட்ட அளவில் செய்யும் உங்களுக்கு என் பரிந்துரை பிர்ல்ஸ் வழி. வட்டாரத்துக்கு வட்டாரம் விகிதத்தை மாற்றி, வகுப்புக்குள் தாளைச் சீரற்ற முறையில் பகிருங்கள். ஆசிரியர் முகம் பார்த்து "இவனுக்கு எளிய தாள் கொடுங்கள்" என்று முடிவு செய்ய விடாதீர்கள், அங்கே சாதியும் உடையும் போன வருட மதிப்பெண்ணும் புகுந்துவிடும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பொருத்த வேண்டும் என்றால் எட்டுப் பத்து வினாக்கள் உள்ள சிறு தேர்வை முதல் நாள் வைத்து, மதிப்பெண் எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்துப் பிரியுங்கள். தாளின் அட்டையில் அ, ஆ, இ என்றுகூடப் போடாதீர்கள், ஏதாவது எண் போதும். தன் கையில் இருப்பது எளிய தாள் என்று குழந்தைக்குத் தெரியக்கூடாது.

"எளிதாக்கினால் தரம் போய்விடாதா?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பிசா 2009 சுற்றின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன, 2011 இறுதியில் முடிவு வந்தது. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. அடிப்படைத் திறன் என்று அவர்கள் சொல்லும் இரண்டாம் நிலை 407இல் தொடங்குகிறது, அதைத் தொட்டவர்கள் 17 சதவீதம். நம் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத வினாக்கள், கடினமான தாள், அதனால்தான் இந்த இடம் என்று பலர் சொன்னார்கள், பிறகு வந்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவும் இல்லை.

பழக்கமில்லாத சூழல் என்ற குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் தாள் கடினம் என்பதால் மட்டும் இந்த வகை அளவுகோலில் சராசரி கீழே போகாது, ஏனென்றால் வினாவின் கடினத்தைக் கழித்துவிட்டுத்தான் திறனைக் கணக்கிடுகிறார்கள். பொருந்தாத தாளின் உண்மையான இழப்பு வேறு. 83 சதவீதக் குழந்தைகளைப் பற்றி 'இரண்டாம் நிலைக்குக் கீழே' என்று தெரியும், அந்தக் கீழே எங்கே, அவர்களுக்கு எது வரும், அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு அங்கே மிகக் குறைந்த வினாக்களே இருந்தன. இந்தக் குறையை உணர்ந்துதான் பின்னர் வளரும் நாடுகளுக்கான பிசா வந்தது. கம்போடியா, ஜாம்பியா, செனகல் போன்ற நாடுகள் எழுதிய அந்தத் தேர்வில் கீழ்நிலை வினாக்கள் அதிகம், எல்லாவற்றுக்கும் அடியில் '1சி' என்று புதிய நிலையும் சேர்ந்தது, ஆனால் அளவுகோல் அதே பிசா அளவுகோல். எளிய வினா சேர்த்ததால் யாருக்கும் மதிப்பெண் இனாமாகக் கிடைக்கவில்லை. இருட்டில் இருந்த குழந்தைகள் தெரிய ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

முடிவுகளை வெளியிடும்போது

அ தாளில் 30க்கு 20 என்பதும் இ தாளில் 30க்கு 20 என்பதும் ஒன்றல்ல. தாள்கள் பலவாகிவிட்டால் சரியான விடைகளின் எண்ணிக்கையை எந்த அட்டவணையிலும் போடாதீர்கள், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கேட்டாலும் சரி. பொது அளவுகோலுக்கு மாற்றி, நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் அங்கே இருக்கும் குழந்தையால் என்ன முடியும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: "ஈரிலக்க எண்களைக் கடன் வாங்காமல் கழிப்பார், கடன் வாங்குவதில் தடுமாறுவார்." அளவீட்டுப் பிழையை மொத்தமாக ஒரே எண்ணாகச் சொல்லாமல், கீழே இருக்கும் பத்து சதவீதத்தினருக்கு எவ்வளவு, மேலே இருக்கும் பத்து சதவீதத்தினருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். தாள் உண்மையிலேயே பொருந்தியதா என்று வெளியாள் ஒருவர் அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்புறம் வினா வங்கி. ஒவ்வொரு வினாவுக்கும் அதன் கடினம், பிரிக்கும் ஆற்றல், எந்த ஆண்டில் எத்தனை பேர் எழுதினார்கள், ஒவ்வொரு தவறான விடையையும் எத்தனை சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையெல்லாம் ஒரே கோப்பில் பதிந்து வையுங்கள். அடுத்த ஆண்டு கோக்கத் தேவையான 15, 20 வினாக்களை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு, மீதியை அந்தச் சதவீதங்களோடு ஆசிரியர்களிடம் கொடுத்துவிடுங்கள். 35 என்ற விடையைத் தம் வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் வட்டமிட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசிரியர் திங்கட்கிழமை வகுப்பைக் கடன் வாங்குவதிலிருந்து தொடங்குவார்.